காலி செய்தா, குடியிருந்துகொண்டா? பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது பற்றிய வாதங்கள்

1960இல் அன்றைய சென்னை மாநிலம் இயற்றிய கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீடுகளில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தகராறை நீதிமன்ற வாசலுக்குக் கொண்டுவந்தது. வீட்டைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும், உள்ளே ஆட்கள் இருக்கும்போது அது முடியாது என்று வீட்டுக்காரர் நிரூபித்தால், குடித்தனக்காரரைக் காலி செய்ய உத்தரவு பெறலாம். ஆனால் வேலை முடிந்ததும் அவரையே மீண்டும் குடியமர அழைப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். இடித்துக் கட்டுவதற்கு அதே பிரிவில் தனி உட்பிரிவு இருந்தது. அந்தச் சட்டம் இன்று இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய சட்டம் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: எந்த வேலையை ஆட்களை வைத்துக்கொண்டே செய்யலாம், எதற்கு வீடு காலியாக வேண்டும், அதைச் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்விக்கு ஆகமம், கொத்தனார் வழக்கம், நகரத் திட்டமிடல், மரபுக் கட்டடப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி விடை வைத்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று சந்தித்துக்கொள்வது அரிது. இக்கட்டுரை அந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயல்கிறது. ‘பழைய வீடு’ என்று இங்கே சொல்வது பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு கட்டி, மேலே ஓடு வேய்ந்த அல்லது மெட்ராஸ் டெரஸ் போட்ட தமிழ்நாட்டு, புதுச்சேரி வீடுகளை. கான்கிரீட் வீடுகளின் சங்கதி வேறு.

சாமிக்குப் பாலாலயம்

மிகப் பழைய விடை கோயிலில் இருக்கிறது. சிற்ப நூல்களில் ஒன்றான மயமதம், பழுதடைந்தவற்றைப் புதுப்பிப்பதற்கென்று ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. இன்றும் கோயில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றி, தற்காலிக இடத்தில் வைத்து, திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடக்கும்வரை பூசையை அங்கேயே நடத்துவார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வேறுவிதமாகச் சொன்னால், கொத்தனார் உள்ளே வருமுன் குடியிருப்பவர் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் ஊரை விட்டுப் போகக் கூடாது, அன்றாடப் பூசையும் நிற்கக் கூடாது, திரும்பி வரும் நாளைக் குறித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த மூன்று நிபந்தனையும் வீட்டு வழக்கத்துக்குள் முழுதாக இறங்கவில்லை. மனிதர்கள் குடியிருந்த வீட்டுக்கு அத்தகைய தற்காலிக இடத்தை எந்த வழக்கமும் ஏற்பாடு செய்துகொடுக்கவில்லை. வீட்டுக்கு இருந்ததெல்லாம் தடைகள்தான். ஆடி, மார்கழியில் வேலை தொடங்குவதில்லை, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கடைக்கால் தோண்டுவதோ சுவரை இடிப்பதோ கூடாது என்பவை போன்றவை. இரண்டாவது தடையைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது. முன்னோர் அறிவியல் தெரிந்தே அதை வைத்தார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். அவர்கள் சொன்ன காரணம் வேறு.

ஆண்டுக்கொரு கை

இரண்டாவது நிலைப்பாட்டை யாரும் நூலாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மிக அதிகமான வீடுகளைக் காப்பாற்றியது அதுவாகத்தான் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றுவது, திண்ணை பெயர்ந்தால் அப்போதே பூசுவது: வீட்டைப் புதுப்பிப்பது என்று தனியாக ஒரு நிகழ்ச்சியே இல்லாமல், ஆண்டுதோறும் ஒரு கை பார்த்துவிடும் முறை. இதில் காலி செய்யும் பேச்சே எழாது.

ஓட்டு வீடு இதற்கு ஏற்றபடி அமைந்தது. நாட்டு ஓடு சட்டத்தில் சும்மா சாய்ந்து கிடப்பது, எதனோடும் ஒட்டியிருக்காது. ஒரு ஆள் கூரையேறி ஒரு பத்தியைப் பிரித்து, உடைந்ததைக் கீழே வீசி, சருகையும் அணில் கூட்டையும் தட்டிவிட்டு, கையோடு கொண்டுவந்த புது ஓட்டைச் செருகிக்கொண்டே அடுத்த பத்திக்கு நகர்வார். கீழே இருப்பவர்களுக்கு அரைநாள் மண்ணும் தூசியும் கொட்டும், அவ்வளவுதான். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு பரவிய சீமை ஓடும் ஏறக்குறைய இதே தன்மையுடையது. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கொள்ளும் என்பதுதான் வேறுபாடு. உளுத்துப்போன கைமரம் ஒன்றைக்கூட இருபுறமும் முட்டுக் கொடுத்து ஒரு பகலில் மாற்றிவிடலாம்.

ஐரோப்பாவில் இதே கருத்து கொள்கையாக எழுந்தது. ஜான் ரஸ்கின் 1849இலும், வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும், ‘மீட்டெடுக்கிறேன்’ என்று கட்டடத்தைப் புதிதாக்குவதை எதிர்த்து, அன்றாடப் பராமரிப்பை முன்வைத்தார்கள். அவர்கள் எதிர்த்தது பிரான்சின் வியோலே லெ துக் போன்றோரின் வழியை. ஒரு கட்டடத்தை அது ஒருபோதும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுபோகலாம் என்பது அவர் கருத்து. ரஸ்கினும் மாரிஸும் பேசியது பெரும்பாலும் தேவாலயங்களை, பொதுக் கட்டடங்களை மனதில் வைத்து. அடுக்களை எங்கே போகும் என்ற கவலை அவர்கள் எழுத்தில் இல்லை.

பராமரிப்பு வாதத்தின் பலவீனம் தெளிவு. அது தவறாத கையை எதிர்பார்க்கிறது. மலிவாகக் கிடைத்த, பல இடங்களில் சாதிக் கடமையாகவே பிணைக்கப்பட்ட உழைப்பின் மேல் நின்ற முறை அது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்த காலம் போனதைச் சிலர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். அந்த ஆளின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏங்க ஒன்றுமில்லை. தவிர, பத்தாண்டு கவனிக்காமல் விட்ட வீட்டுக்கு இந்த வாதத்தில் மருந்து கிடையாது. இன்று கேள்வியோடு வருபவை பெரும்பாலும் அப்படிப்பட்ட வீடுகளே.

கெடிஸின் அறுவை மருத்துவம்

குடியிருப்பவரை நகர்த்தாமல் பழையதைச் சீர்படுத்துவதை ஒரு முறையாகவே வகுத்தவர் ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ். 1886இல் திருமணமானவர், மறு ஆண்டே மனைவி அன்னாவோடு எடின்பரோ பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெருக்கடியான குடியிருப்புக்குக் குடிபோனார். அங்கேயே வாழ்ந்துகொண்டு, அண்டை அயலாரையும் சேர்த்துக்கொண்டு, சுத்தம் செய்து வெள்ளையடித்துப் பழுதுபார்த்தார். அவர் பிற்பாடு சொன்ன ‘பாதுகாக்கும் அறுவை’ என்ற கருத்துக்கு வேர் இந்த அனுபவத்தில் இருப்பதாகவே பலரும் கருதுகிறார்கள். மொத்தமாக இடிக்காதே, நோயுற்ற இடத்தை மட்டும் வெட்டு, வெட்டுமுன் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார் என்பது அதன் சாரம்.

அவர் இந்தியாவுக்கு வந்த கதையில் தமிழ் வாசகருக்குத் தெரிந்த ஒரு பெயர் குறுக்கிடுகிறது. அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை 1914 அக்டோபரில் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி ஒரு மாதம்கூட ஆகாத அதே எம்டன்தான். மாற்றுப் பொருள்களைத் திரட்டி, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதராஸ் மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளில் தஞ்சாவூரும் மதுரையும் உண்டு. நகரசபைகள் நேர்க்கோட்டில் தெருவை அகலப்படுத்த வீடுகளை இடிக்க முனைந்தபோது, பாழடைந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்து அந்த இடத்தைத் திறந்தவெளியாக்கி, மற்றவற்றைச் செப்பனிட்டால் செலவும் குறையும், மக்களும் ஊரிலேயே இருப்பார்கள் என்றார்.

கெடிஸை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படியிருந்தும் அவர் முறை ஏன் அரிதாகவே நடைமுறைக்கு வந்தது? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கும் பொறுமையும் ஆளும் எந்த நகராட்சியிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று, அவர் பார்வை தெருவின் அளவில் நின்றது. எந்த வீட்டை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று சொல்வார். வைத்துக்கொண்ட வீட்டுக்குள் உத்திரத்தை மாற்றும் மூன்று மாதத்தில் குடும்பம் எங்கே படுக்கும் என்பது அவர் அறிக்கைகளின் பேசுபொருள் அன்று.

காலி செய்யச் சொல்பவர்கள்

பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் தேர்ந்த சிலரும் கூறும் விடை, வீட்டைக் காலி செய்துவிட்டு வேலையைத் தொடங்கு என்பது. இதைச் சோம்பேறித்தனமான விடை என்று தள்ளிவிட முடியாது. மெட்ராஸ் டெரஸ் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல், சாதாரணச் செங்கல்லில் பாதிகூட இல்லாத மெல்லிய கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் கலவையில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். கீழே பலகை அடிக்கத் தேவையில்லை. ஒட்டிய வரிசையே அடுத்த வரிசையைத் தாங்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த மூன்று நான்கு அங்குலக் கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. நூறாண்டு தாங்கும் தளம்தான். கெடும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் கெடும்: சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் பொந்தில். கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கும் ஈரம் அங்கே தங்கும். மரம் உள்ளுக்குள்ளே மாவாகும், கரையானும் வந்து சேரும். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வண்ணம் பூசிய சட்டம் குறையில்லாமல் தெரியும். முனையில் ஆணியைக் குத்தினால் விரல் ஆழத்துக்கு இறங்கும்.

அந்த ஒரு சட்டத்தை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கல் வரிசை, ஜல்லி, தட்டோடு எல்லாவற்றையும் திறக்க வேண்டும். கல் வரிசைகள் ஒன்றையொன்று நம்பி நிற்பதால் பக்கத்துப் பத்திகளுக்கும் சவுக்கு முட்டு போட வேண்டும். முட்டு நிற்கும் அறையில் கட்டில் போட இடமிருக்காது, இருந்தாலும் யாரும் படுக்கக் கூடாது. திறந்த தளத்தைச் சுண்ணாம்பில் மூடினால் அது இறுக வாரக்கணக்கில் ஆகும். இதைத் தவிர்க்கத்தான் பலர் திறக்காமலே கீழே ஒரு இரும்பு கர்டரைக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் நடக்கும் வேலை எப்படி வேலையின் தன்மையையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. கர்டர் கொடுத்தது தவறு என்பதற்கில்லை. மேலே ஈரம் இறங்கும் வழியை அடைக்காவிட்டால் அடுத்த சட்டத்தின் முறை வரும்.

சுவர்ப் பூச்சிலும் இதே கதை. ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டி, மீண்டும் சுண்ணாம்பே பூசினால் ஒவ்வொரு பூச்சும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் ஆட்கள் இருக்கும்போது இந்தக் காத்திருப்பு தாங்காது. ஆகவே சிமெண்ட். அது சீக்கிரம் இறுகிவிடும், ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, இரண்டு மூன்று ஆண்டில் சிமெண்டு பூசிய எல்லைக்குச் சற்று மேலே உப்புப் பூத்துச் சுவர் பொரியத் தொடங்கும். சுண்ணாம்பை நீற்றுவதோ அதைவிட அபாயம். தொட்டியில் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் ஓடும் முற்றத்தில் செய்யும் வேலை இல்லை.

ஆக, காலி செய்யும் கட்சியின் மெய்யான பலம் இதில்தான்: ஆட்கள் இருந்தால் நல்ல முறையை விட்டு வேகமான முறைக்கு வீடு போய்விடுகிறது. பலவீனம் காசு, காலம் இரண்டிலும். வேறு வீட்டுக்கு வாடகை, முன்பணம், பள்ளி மாற்றம். ஆறு மாதம் என்று சொன்ன வேலை ஆறு மாதத்தில் முடிந்ததாக யாரும் சாதித்துப் பேசுவதில்லை. அதோடு காலியான வீட்டில் கண்காணிப்பு இல்லை. முதல் மழையிலேயே பார்த்தால் ஓர் ஓட்டோடு போகும் ஒழுக்கு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது உத்திரத்தைத் தின்றிருக்கும். கட்டடத்துக்குப் பயன்பாடு இருப்பதே அதன் பாதுகாப்புக்கு உதவும் என்று 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் ஒப்புக்கொள்கிறது.

கட்டு கட்டாக

நடுவழியை நாடுபவர்கள், பகுதி பகுதியாகச் செய்யச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வீட்டின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது என்பது அவர்கள் வாதம். திண்ணை, நடை, முற்றத்தைச் சுற்றிய கூடம், அப்பால் இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று பின்னோக்கி நீளும் வீட்டில் ஒரு கட்டை அடைத்துவிட்டு மற்றதில் வாழலாம். முற்றங்கள் கூரையைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துவைத்திருப்பதால் ஒன்றைப் பிரித்தால் மற்றது ஆட்டம் காணாது.

தாளில் இது சரியாகவே இருக்கிறது. நடைமுறையில் எல்லாம் ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: கொல்லைப்பக்கம் சந்து உண்டா? அக்கிரகாரத் தெருக்களிலும் புதுச்சேரித் தமிழ்ப் பகுதியிலும் வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. பின்வாசல் இல்லாத வீட்டில் மணலும் ஜல்லியும் ரேழி வழியாகவே உள்ளே போக வேண்டும், இடித்த குப்பையும் அதே வழியாக வெளியே வர வேண்டும். பின்கட்டில் வேலை நடந்தால் முன்கட்டும் பாதை என்ற அளவில் வேலையிடமாகிவிடும். அடுக்களை பின்கட்டில் இருந்தால் அடுப்பு கூடத்துக்கு வரும். கிணறும் கழிப்பறையும் கொல்லையில் இருந்தால் அவை எட்டாத தொலைவாகும். பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் சுமையை இறக்கினால் அந்தப் பக்கம் விரிசல் காணலாம்.

வரிசையிலும் ஒரு முரண் உண்டு. கூரை முதலில், பிறகு தண்ணீர்ப் போக்கு, அப்புறம் சுவர், குழாய், மின்கம்பி, கடைசியில் தரை என்பது ஏறத்தாழ எல்லாத் தொழில்காரர்களும் சொல்லும் ஒழுங்கு. உள்ளே வாழ்பவருக்கு வலிப்பது இந்த வரிசையில் இல்லை. முதலில் குளியலறை, பிறகு அடுக்களை மேடை, பிறகு தரை வழவழப்பு. கூரை அடுத்த ஆண்டு. தரை போட்ட பிறகு கூரை திறக்கப்படுவதும், புதிதாகப் பூசிய சுவரை மின்கம்பிக்காகத் தோண்டுவதும் இதன் விளைவு. ஸ்டூவர்ட் பிராண்ட் 1994இல், பிராங்க் டஃபியின் கருத்தை விரித்து, ஒரு கட்டடத்தின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் மூப்படைகின்றன, வேகமாக மாறுவது மெதுவாக மாறுவதோடு சிக்கிக்கொள்ளக் கூடாது என்று எழுதினார். விளக்கமாக அது உதவுகிறது. ஆனால் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்பவரிடம் கூரைக்குத் தேவையான தொகை ஒருசேர இருக்காது, குளியலறைக்கு இருக்கும். வரிசை தப்புவது அறியாமையால் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

முறை எதுவானாலும் கட்டு கட்டாகச் செய்வது நீளும். ‘இப்போதைக்கு’ என்று கட்டிய தார்ப்பாயும் தகரக் குளியலறையும் நாலு தீபாவளி பார்ப்பது ஊரறிந்தது. அந்த நீட்சியின் பாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அன்றன்றைய தூசியைக் கூட்டுவதும், வேலையாட்களுக்குத் தேநீர் போடுவதும், மூன்று மாதம் கூடத்து மூலையில் உட்கார்ந்து சமைப்பதும் எந்த மதிப்பீட்டிலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. இந்த விவாதத்தில் இதுவரை எழுதப்பட்டவற்றின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று தோன்றுகிறது.

தூசி

கடைசியாக வந்து சேர்ந்த தரப்பு பொதுச் சுகாதாரம். வந்ததும் கேள்வியின் முகத்தையே மாற்றிவிட்டது. பழைய கதவு, சன்னல்களின் வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் மென்தூசி தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கருவையும் ஈயம் பாதிக்கும் என்பதில் இன்று மருத்துவத்தில் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் 1978க்கு முந்தைய வீடுகளில் இத்தகைய வேலையைப் பயிற்சி பெற்றவர்களே, வேலையிடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்துச் செய்ய வேண்டும் என்ற விதி 2010இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அந்த விதி ஆட்களை வெளியேற்றச் சொல்லவில்லை, தூசியை அடைக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், வீட்டு வண்ணப் பூச்சில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்துகின்றன. அது புதிதாக டப்பாவில் வருவதைப் பற்றியது. பாட்டன் காலக் கதவில் ஏற்கெனவே ஏழு பூச்சாகப் படிந்திருப்பதைத் தேய்க்கும் ஆசாரிக்கும், அடுத்த அறையில் தூங்கும் குழந்தைக்கும் அதில் வழிகாட்டுதல் இல்லை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வேலை தொடங்காதே என்ற வழக்கம் இங்கேதான் மறுபடி நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது தற்செயலாகவே இருக்கலாம். காரணம் எதுவானாலும், இந்த ஒரு தடையைக் கடைப்பிடிக்கும் குடும்பத்துக்கு இழப்பு எதுவுமில்லை.

திரும்பி வரும் உரிமை

காலி செய்வதா இல்லையா என்பதைக் கட்டடத்தின் கேள்வியாகப் பார்க்காமல், திரும்பி வருவதற்கான உத்தரவாதத்தின் கேள்வியாகப் பார்த்த முயற்சிகள் சில உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகராட்சி, பியெர் லுயிஜி செர்வெல்லாட்டியின் வழிநடத்தலில், 1970களின் தொடக்கத்தில் தன் பழைய நகரத்தின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பொதுச் செலவில் புதுப்பிக்கத் திட்டமிட்டது. குடியிருப்பவர்கள் அருகிலேயே தற்காலிக வீடுகளில் தங்கி, வேலை முடிந்ததும் கட்டுப்படுத்திய வாடகையில் திரும்பலாம். பாலாலயத்தின் மூன்று நிபந்தனைகளையும் மனிதர்களுக்குப் பொருத்திய திட்டம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் வீடுகளைக் கையகப்படுத்தும் எண்ணத்துக்கு எதிர்ப்பு வந்தபோது, உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அளவுக்கு நகராட்சி இறங்கிவர நேர்ந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அளவுக்கு வீடுகளின் எண்ணிக்கை வளரவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் இடிப்புக்குக் குறிக்கப்பட்ட பிளாக் ரோடு வீடுகளை, அங்கேயே ஒரு சிறு வீட்டை வாங்கியிருந்த கட்டடக் கலைஞர் ராட் ஹாக்னியும் குடியிருந்தவர்களும் சேர்ந்து, உள்ளே வாழ்ந்துகொண்டே தங்கள் கையாலும் வேலை பார்த்துச் சீர்செய்தார்கள். முப்பத்துச் சொச்சம் வீடுகள். எல்லாம் தாழ்வான சிறு செங்கல் வீடுகள் என்பதையும், அரசு மேம்பாட்டு மானியம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புதுச்சேரி வேறொரு வழியைக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளுக்கு முகப்பைச் செப்பனிட்டார்கள். இன்டாக் அமைப்பு முன்னின்றது, வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமும் மட்டும் வேலைக்குள்ளானதால் யாரும் காலி செய்யத் தேவையில்லை. தெருவின் முகம் மீண்டது. உள்ளே ஒழுகும் தளத்துக்கும் கொல்லைக் கழிப்பறைக்கும் விடை தருவது அத்தகைய திட்டத்தின் வரம்புக்குள் வராது.

செட்டிநாட்டில் கேள்வியே தலைகீழாகிறது. அங்கே பெரிய வீடுகள் பலவும் ஏற்கெனவே காலி. வளவைச் சுற்றி, மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்று கட்டிய வீட்டுக்கு இன்று பங்காளிகள் பலர் உரிமையாளர்கள், வெவ்வேறு நாடுகளில். திருமணத்துக்கும் படைப்புக்கும் திறக்கப்படும் வீட்டில் வேலையைத் தடுக்க ஆளில்லை, தொடங்கவும் ஆளில்லை. ஒருவர் சம்மதிக்காவிட்டால் கூரை காத்திருக்கும். முடிவில் சில வீடுகள் விடுதிகளாகின்றன. சில, பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியே கழன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பது இவற்றின் விலையைக் கூட்டியிருக்கலாம்.

முடியாத கணக்குகள்

மேற்கண்டவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கையில், பொது விடை ஒன்றைத் தேடுவதே பிழையோ என்ற ஐயம் எழுகிறது. கூரையின் வகை பெரும்பாலான கோட்பாடுகளைவிட அதிகம் தீர்மானிக்கிறது: ஓட்டு வீட்டைப் பத்தி பத்தியாக, ஆட்கள் இருக்கும்போதே மாற்றலாம் என்பதற்கு நீண்ட நடைமுறைச் சான்று உண்டு. சட்டமுனை கெட்ட மெட்ராஸ் டெரஸின் கீழ் யாரும் இருக்கக் கூடாது என்பதை மறுக்க வலுவான காரணம் கிடைக்கவில்லை. பழைய வண்ணத்தைச் சுரண்டும் நாள்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருப்பது நல்லது என்பதும் ஏறக்குறைய உறுதி. சுவர், தரை, குழாய் வேலைகளில் விடை இரண்டாம் கட்டையும் பின்வாசலையும் பொறுத்தது.

அதற்கப்பால் உள்ளவை திறந்தே கிடக்கின்றன. ஒரே மாதிரி இரண்டு வீடுகளில், ஒன்றைக் காலி செய்தும் மற்றதைக் குடியிருந்துகொண்டும் செய்தால் பத்தாண்டு கழித்து எது நன்றாக நிற்கும் என்று அளந்து பார்த்தால் பல வாதங்கள் ஓயும். அப்படி அளக்கும்போது வாடகையும் கூலியும் போதாது, கூடத்து மூலையில் சமைத்த மாதங்களுக்கும் கணக்கில் இடம் வேண்டும். சீக்கிரம் இறுகாத சுண்ணாம்பையும் பொறுமையில்லாத குடும்பத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளும் வேலைமுறையைக் கொத்தனார்களிடமிருந்தே கேட்டு எழுதுவதும் மிச்சமிருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். வாடகைக் குடித்தனக்காரரின் கேள்வி இவற்றைவிட அவசரமானது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரிடம் வாங்கச் சொன்ன அந்த உறுதிமொழியின் பேரில் எத்தனை பேர் உண்மையில் பழைய வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதற்கு, வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றங்களின் பழைய கட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.